உடைந்தது இல்லை, உடைத்தேன்

சுரங்கத்தில் நான் வேலை பார்த்த கன்வேயர் பிரிவில் ஒரு லாக் புத்தகம் உண்டு. பெல்ட் கிழிந்தாலும், ரோலர் கழன்று விழுந்தாலும், டீ கிளாஸ் உடைந்தாலும் அதில் எழுதுவது ஒரே வாசகம்தான்: "முந்தின ஷிப்டிலிருந்தே இப்படித்தான் உள்ளது." முதல் ஷிப்ட் நைட் ஷிப்டைக் கை காட்டும். நைட் ஷிப்ட் இரண்டாம் ஷிப்டைக் கை காட்டும். இரண்டாம் ஷிப்ட் திரும்பவும் முதல் ஷிப்டைக் காட்டும். இப்படிச் சுற்றி வந்தால் தப்பு செய்தவன் என்று பூமியில் ஒருத்தனும் மிஞ்சமாட்டான். அந்தப் புத்தகத்தில் எல்லாம் தானாகவே நடக்கும். பெல்ட் கிழிந்தது. போல்ட் அறுந்தது. கண்ணாடி உடைந்தது. கிழித்தேன், அறுத்தேன், உடைத்தேன் என்று ஒரு வரி கிடையாது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மற்றவர்களுடைய பொய்யையும் சேர்த்து நானே எழுதுவேன்.

இந்த லட்சணத்தில் இருந்த எனக்குக் கீழ் வீட்டில் அவர் இருந்தார்.

அந்தக் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் மாறி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் மனைவி கறிக்குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். கீழே 'டப்' என்று ஒரு சத்தம். மிக்ஸி நின்றது. ஃபேன் நின்றது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த பெட்டியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் கட்டை. எவனோ வம்பு செய்கிறான் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சண்டைக்குத்தான். வேறு எதற்கு?

பாதிப் படியில் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். ஒல்லியான ஆள். கை வைத்த பனியன். காதில் பென்சில். கையில் ஃபியூஸ் கட்டை.

"நான்தான் தம்பி," என்றார்.

"என்ன நான்தான்?"

"கரண்டு போனது என்னாலதான். பழைய டிவி ஒண்ணு வெச்சுக்கினு கெடக்கறேன். டெஸ்ட் பண்றப்ப நடுவுல சீரிஸ் பல்பு போடாம நேரா சொருகிட்டேன். ரெண்டு நிமிஷத்துல கட்டிடறேன். மசாலா அரைச்சுக்கினு இருந்தீங்களா? வாசனை கீழ வரைக்கும் வந்துச்சு."

திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் வீணாகிவிட்டது. தப்பு செய்தவன் முதலில் மறுக்க வேண்டும். அப்போதுதான் நமக்கு வேலை. கையைத் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறவனை என்ன செய்வது? திரும்பிப் போய் அரைக்காத மசாலாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோபம் சாயங்காலம்வரை அப்படியே இருந்தது.

அனல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் அவர். அளவு மானிகளைச் சரிபார்ப்பது, ரிலேக்களைக் கழற்றி மாட்டுவது அங்கே வேலை. வீட்டில் வால்வு டிவி. டிரான்சிஸ்டர் எல்லாம் வருவதற்கு முன்னால், கண்ணாடிக் குழாய் குழாயாக உள்ளே எரியுமே, அந்த டிவி. நாலு கால் வைத்த மரப்பெட்டி. முன்னால் இழுத்துச் சாத்தக் கதவு. சிலவற்றுக்குப் பூட்டும் சாவியும்கூட உண்டு. டிவிக்குப் பூட்டு! பக்கத்து வீட்டுக்காரன் ஓசியில் பார்த்துவிடுவானென்று பூட்டி வைத்த புண்ணியவான்களும் இந்த டவுன்ஷிப்பில் இருந்திருக்கிறார்கள்.

ரிட்டையர் ஆகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இந்தப் பெட்டிகள் இறங்கும். மகன் வீட்டுக்குக் கொண்டுபோனால் மருமகள் திட்டுவாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வரும் பழைய சாமான் பாய் வந்து எடுத்துக்கொள்வார். மரம் நன்றாக இருந்தால் பெட்டியை உடைத்துப் பலகையாக விற்பார். உடைப்பதற்கு முன் இவருக்கு ஒரு போன் போட்டுவிடுவார். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பழக்கம். பின் வராண்டாவில் ஏழு செட்டுகள் வந்து சேர்ந்தது அந்த வழியாகத்தான்.

பழைய டிவியைப் பார்த்ததும் "ஆஹா, அந்தக் காலம்" என்று கண் கலங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் அது கிடையாது. "அந்தக் காலத்துல இன்னா இருந்துச்சு? இருந்ததே ஒரு சேனலு, அதுலயும் பாதி நேரம் கொசு பறந்துக்கினு இருக்கும்," என்பார். அவருக்கு வேண்டியது கோளாறு. கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சுகம். படம் வந்துவிட்டால் இரண்டு நாள் பார்ப்பார். அப்புறம் அடுத்த செட்டைத் திறந்துவிடுவார்.

அந்த டிவிகளில் வால்வுகளின் சூட்டுக் கம்பிகள் எல்லாம் திருவிழா சீரியல் செட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். ஒன்று போனால் எல்லாம் அணைந்துவிடும். எது போனது என்று வெளியே தெரியாது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அவர் எடுத்த எடுப்பில் வால்வைத் தொடமாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, செட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

"கடைசியா யாரு கை வெச்சது?"

அவருடைய வேலைமுறை மொத்தமும் இந்த ஒரு கேள்விதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமான் நின்றால், கடைசியாக அதைத் தொட்டது யார், என்ன செய்தார் என்று பார். பாதிக் கோளாறு அங்கேயே இருக்கும். "இந்த வூட்டுல கடைசியா கை வெக்கறது நான். அதனால மொதல்ல என் கையப் பாக்கறேன். கம்பெனியில இப்படிப் பாத்தா பாதி பிரேக்டவுன் பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும் தம்பி. ஆனா அங்க எவன் கையும் கையில்ல."

பார்த்ததையும் செய்ததையும் எழுதி ஒட்டுவார். சுவரில் மாட்டும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதி, மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி, பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டுவார். தாளைத் தூக்கிப் பார்த்தால் தேதி, ராகு காலம், ராசிபலன் எல்லாம் இருக்கும். ஒருநாள் டார்ச் அடித்து நான் படித்தேன். "கண்டென்சர் மாற்றினேன். ஈயம் சரியாக வைக்கவில்லை, மறுபடி வைத்தேன்." இன்னொன்றில், "ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ரெசிஸ்டன்ஸைக் கருக்கினேன். அவசரம். என் தப்பு." எல்லாம் கருக்கினேன், மறந்தேன், மாற்றிக் கொடுத்தேன்தான். ஒரு இடத்தில்கூடக் கருகியது என்று இல்லை.

"யாருண்ணே இதைப் படிக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"எனக்கப்புறம் தொறக்கறவன். அவனுக்குக் கடைசியா கை வெச்சவன் நான்தான? சொல்லிட்டுப் போவ வேணாம்?"

வேலை இடத்திலும் இப்படியேதான். ஒருமுறை ஒரு மானியைச் சரிபார்த்துவிட்டு ஒரு சின்ன வால்வைத் திறக்க மறந்து வந்துவிட்டார். தண்ணீர்க் குழாயில் இருக்கிற வால்வு, டிவி வால்வு இல்லை. மின்சாரம் தயாரிக்கும் யூனிட்டே நின்றுபோனது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் "முந்தின ஷிப்ட்னு எழுதிடு, ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் போய்ச் சொன்னேன். வேண்டுமானால் நானே அழகான கையெழுத்தில் எழுதித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். இவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: "திறக்க மறந்தேன்." மெமோ வந்தது. அந்த மெமோவை டிவி சர்க்யூட் படங்கள் வைத்திருந்த ஃபைலிலேயே கோத்து வைத்தார்.

"மெமோவ ஏண்ணே இதுல வெக்கறீங்க?"

"இதுவும் சர்க்யூட்தான் தம்பி. எங்க அறுந்துச்சுன்னு காட்டுதுல்ல?"

நல்லவர் என்று சொல்லி மாலை போட நான் இதை எழுதவில்லை. அவரோடு இருப்பது கஷ்டம். அவர் எதிரே நாம் எல்லோரும் பொய்யர்களாகிவிடுவோம். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் பிளாக்கின் எட்டு வீட்டுக்காரர்களும் மற்றவர் முகத்தைப் பார்ப்போம். அவர் மட்டும் தன் மனதுக்குள் யோசித்துக்கொண்டு நிற்பார். "நான் மோட்டரு போட்டனா? இல்ல. காலைல போட்டேன், நிறுத்திட்டேன்," என்று தனக்குத் தானே பதில் சொல்லிவிட்டுத்தான் போவார். செய்யாத தப்பை ஏற்றுக்கொள்கிற தியாகி இல்லை. முதலில் தன் கையைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதுவே எங்களுக்குத் தாங்காது.

ஒரு அதிகாரி காரில் வந்தார். வரவேற்பறைக்கு அழகாக இருக்கும், உள்ளே இருக்கிற குப்பையை எடுத்துவிட்டு மரப்பெட்டிக்குள் ஒரு எல்.இ.டி. டிவி வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"அதுக்கு நல்ல ஆசாரியா பாருங்க சார்," என்றார் இவர். "பீரோ வேலை எனக்குத் தெரியாது. கத்துக்கல. அது என் தப்புதான்."

அதிகாரிக்குத் தன்னைக் கிண்டல் செய்கிறானா, உண்மையைச் சொல்கிறானா என்று புரியவில்லை. இரண்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வராண்டா நன்றாக இருக்கும். செட்டாப் பாக்ஸ் வந்த புதிது. அது இந்தப் பழைய செட்டுகளோடு பேசாது. கேபிள்காரர் தூக்கிப் போட்ட ஒரு பெட்டியை வாங்கி நடுவில் இணைத்து, கிரிக்கெட் மேட்சைக் கறுப்பு வெள்ளையில் கொண்டுவந்துவிட்டார். சுவிட்சைப் போட்டால் ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து வரும். முதலில் சத்தம் வரும். அப்புறம்தான் படம், நடுவிலிருந்து விரிந்துகொண்டு. எந்த டீம் எது என்று தெரியாது. இரண்டு பக்கமும் சாம்பல் சட்டை. எல்.பி.டபிள்யூ கொடுத்தால் எந்தப் பக்கம் கை தட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம். அவருடைய மனைவி, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுவோம், சமையல் நிகழ்ச்சி பார்க்க வந்தால் சத்தம் போடுவார். "மஞ்சத்தூளா மொளகாத்தூளா, ஒரு எழவும் தெரியல. பெரிய டிவி! பக்கத்து ரூம்ல கலர் டிவி கெடக்குது, இங்க உக்காந்துக்கினு எல்லாரும் கண்ணக் கெடுத்துக்கறீங்க." சொல்லிவிட்டு அவரும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். டீ வரும். பலாச்சுளை வரும் காலத்தில் பலாச்சுளை வரும். எனக்குக் கோபம் வராத இடம் அந்த டவுன்ஷிப்பில் அது ஒன்றுதான்.

அந்த இடத்தைத்தான் கெடுத்தேன்.

ஏழாவது செட்டுக்குப் பிக்சர் ட்யூப் இல்லை. பெட்டி, கதவு, பூட்டு எல்லாம் புதிது மாதிரி. உள்ளே ட்யூப் மட்டும் செத்துப்போயிருந்தது. அந்த அளவில் ட்யூப் எங்கேயும் கிடைக்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் பாய் ஒரு மூடிக் கிடந்த லாட்ஜில் ஒன்றைக் கண்டுபிடித்து, கைக்குழந்தை மாதிரி போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். ட்யூபின் முன்பக்கம் தடியாக இருக்கும். பின்னால் நீண்டு வரும் கழுத்து மெல்லிய கண்ணாடி. உள்ளே காற்றே கிடையாது. காற்றுப் புகுந்தால் முடிந்தது. இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து ட்யூபை மாட்டினார். பின் மூடியை இன்னும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் படம் என்று என்னிடமும் சொல்லியிருந்தார்.

ஐப்பசி மழை. வெள்ளிக்கிழமை. அவர் முதல் ஷிப்ட் போயிருந்தார். அண்ணி முத்தாண்டிக்குப்பத்தில் அக்கா மகளுடைய வளைகாப்புக்குப் போயிருந்தார். சாவி எங்களிடம். எனக்கு அன்று வார லீவு. கீழே துணி எடுக்கப் போன என் மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, நம்ம பாத்ரூம் தண்ணி அவங்க வராண்டாவுல ஒழுகுது. டிவி மேலயே சொட்டுது."

பாத்ரூம் ஓட்டையைப் பற்றி மெயின்டனன்ஸில் புகார் எழுதித் தர வேண்டும் என்று அவள் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுதவில்லை. தினமும் ஊருக்கெல்லாம் லாக் எழுதுகிறவன் இதை எழுதவில்லை.

ஓடினேன். அந்த ஏழாவது செட்டின் தலைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. நகர்த்திவிடலாம் என்று முன்பக்கமாகக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். தனியாகத் தூக்கக்கூடிய சாமான் இல்லை அது. பின்னால் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது நினைவில் இல்லை. ஒரு அடி பின்னால் தள்ளினேன். ஜன்னல் கம்பி. 'டிக்.' அவ்வளவுதான் சத்தம். அப்புறம் 'உஸ்ஸ்' என்று உள்ளே காற்றுப் போனது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டேன். அது நின்ற பிறகுதான் மூச்சு விட்டேன்.

செட்டைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தேன். தண்ணீரைத் துடைத்தேன். போர்வையால் மூடினேன். அதன் மேல் பக்கெட் வைத்தேன். பூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு அவர் வந்தார். சாவி கொடுக்கும்போது மழையைச் சொன்னேன், ஒழுகியதைச் சொன்னேன், பக்கெட் வைத்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, "செட்டைத் தொடலண்ணே," என்றேன்.

"ரொம்ப நன்றி தம்பி. நீங்க பாக்கலன்னா தண்ணி உள்ளாற போயிருக்கும்."

சாயங்காலம் அண்ணி வளைகாப்பு அதிரசம் ஒரு டப்பா கொடுத்து அனுப்பினார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். சுவிட்ச் போடுவதற்கு முன் எல்லாக் கண்ணாடியையும் டார்ச் அடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். கழுத்தில் வெளிச்சம் பட்டதும் கை நின்றது. நல்ல ட்யூப் என்றால் கழுத்தின் உள்பக்கம் வெள்ளிப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னும். காற்றுப் புகுந்தால் வெளுத்துவிடும். மோர் ஊற்றி வைத்த மாதிரி வெளுத்திருந்தது. விரலால் தடவி விரிசலைக் கண்டுபிடித்தார். டார்ச்சை அணைத்தார்.

"கடைசியா கை வெச்சது யாரு?" என்று செட்டைப் பார்த்துக் கேட்டார். நான் டீயைக் குடித்தேன்.

"சாக்கெட்டு சொருகறப்ப அழுத்திட்டேன் போலருக்குது," என்றார். "அழுத்தினதே தெரியல எனக்கு. நான்தான்."

காலண்டர் தாளைக் கிழித்து எழுதினார். "கழுத்தை உடைத்தேன். கை பலம் தெரியவில்லை. என் தப்பு."

அவருடைய கணக்கு சரிதான். வேறு யாரும் தொடவில்லை என்றால் தொட்டது அவர்தானே. மற்றவர்கள் பொய் சொல்வார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே வைக்கவில்லை.

ஒரு ட்யூப் போனால் போகட்டும், பாய் இன்னொன்று கொண்டுவருவார், கொஞ்ச நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மறக்கவில்லை. உடைந்ததுகூட அவருக்குப் பெரிதில்லை. உடைத்தது தெரியாமல் போனதுதான் பெரிது. அப்படியென்றால் கையில் என்னவோ ஆகிவிட்டது, தொடு உணர்ச்சி போய்விட்டது என்று முடிவு கட்டினார். வராண்டாக் கதவைச் சாத்தினார். நரம்பு டாக்டரிடம் போனார். அவர் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். இவர் நம்பவில்லை.

அண்ணி என் மனைவியிடம் படிக்கட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "கண்ணாடி டம்ளரை எல்லாம் எடுத்து மேல வெச்சுட்டாருடி. தேங்கா ஒடைக்கச் சொன்னா நீயே ஒடைன்றாரு. முப்பது வருஷமா தானே சவரம் பண்ண மனுஷன், இப்ப சலூனுக்குப் போறாரு. வேலைல ஒரு ஸ்குரு முடுக்கணும்னாகூட ஒரு ஆளைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கறாராம். ரிட்டையர் ஆவ இன்னும் ஒன்றர வருஷம் இருக்குது. இப்பவே ரிட்டையர் ஆன மாதிரி உக்காந்துக்கினு இருக்காரு."

மூன்று மாதம் இப்படி. நான் அந்த மூன்று மாதமும் எல்லோரோடும் சண்டை போட்டேன். ஃபோர்மேனோடு, கேன்டீன்காரரோடு, பஸ் கண்டக்டரோடு. பாத்ரூம் ஓட்டைக்கு மட்டும் புகார் எழுதி, மெயின்டனன்ஸ் ஆட்களைத் திட்டித் திட்டிச் சரி செய்ய வைத்தேன். "யார் மேலங்க உங்களுக்குக் கோவம்?" என்று என் மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பாய் மினி லாரியோடு வந்திருந்தார். இரண்டு செட்டுகள் ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தன. பாயும் ஓட்டுநரும் மூன்றாவதைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"பாய், ஒடச்சுப் பலகையா விக்காதீங்க. தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுங்க," என்றார்.

"யாருண்ணே இருக்காங்க? நீங்க ஒருத்தர்தான் பைத்தியம், நீங்களும் தெளிஞ்சுட்டீங்க," என்றார் பாய். அவர் முகமும் நன்றாக இல்லை.

நான் இறங்கினேன். முதல் நாள் எந்தப் படியில் அவர் என் எதிரே வந்தாரோ அந்தப் படி வரும்போது கால் நின்றது. அதையும் தாண்டிப் போனேன்.

"அண்ணே, நான்தான்," என்றேன்.

"இன்னா தம்பி?"

"ட்யூப். நான்தான். மழை அன்னிக்கு. தொடலன்னு சொன்னேன்ல, தொட்டேன். தூக்கினேன். ஜன்னல் கம்பியில இடிச்சுட்டேன்."

பாய் செட்டைத் தூக்கினபடியே நின்றார். அண்ணி கதவுக்கு வந்துவிட்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரு பழுதான செட்டைப் பார்க்கிற அதே பார்வை.

"எந்தக் கம்பி?"

"கீழருந்து ரெண்டாவது."

"டிக்குனு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"உஸ்ஸுன்னு."

"எவ்ளோ நேரம்?"

"பத்து எண்ணுற நேரம் இருக்கும்."

விறுவிறுவென்று உள்ளே போனார். நாங்கள் பின்னால் போனோம். ஏழாவது செட் இன்னும் அங்கேதான் இருந்தது. இரண்டாவது கம்பியின் உயரத்தைச் சாணால் அளந்தார். கழுத்து விரிசலின் உயரத்தை அளந்தார். மறுபடி கம்பியை அளந்தார். அப்புறம் வலது கையை முகத்துக்கு நேராக நீட்டி, விரலை விரித்துப் பார்த்தார். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"நான் இல்ல," என்றார் மெதுவாக.

அப்புறம் வாசலுக்கு ஓடினார். "ஏம்மா! கேட்டியா? நான் இல்லியாம்! பாய், நான் இல்ல! என் கை இல்ல பாய், இந்தத் தம்பி ஒடச்சது! நான் இல்ல!" பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அந்த மனிதர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வந்ததை அந்த பிளாக்கில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. சிரித்தார். பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. "அதிரசம் தின்னீங்களே தம்பி," என்றார். "டப்பாவக் கழுவிக் குடுத்து அனுப்பினீங்களே."

"அப்ப எறக்கட்டுமா?" என்றார் பாய். "கை வலிக்குதுண்ணே."

"எறக்கு! எல்லாத்தையும் எறக்கு!"

மூன்றும் திரும்ப உள்ளே வந்ததும் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பென்சிலோடு என்னிடம் நீட்டினார். எழுதச் சொன்னார். நான் அழகாக எழுதினேன்: "மேற்படி செட்டை நகர்த்தும்போது எதிர்பாராத விதமாகக் கழுத்து உடைந்தது."

வாங்கிப் படித்தார். முதல்முறையாக என்னை நீ என்று கூப்பிட்டார்.

"உடைந்ததா, உடைச்சியா?"

வாங்கி மாற்றினேன். தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தால் விடவில்லை. லாக்கில் கிழிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே செய்தேன். "உடைத்தேன். தொடவில்லை என்று பொய் சொன்னேன்." பொய்யை எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. பென்சில் போன வேகத்தில் அதுவும் வந்துவிட்டது. அவர் தன்னுடைய பழைய தாளில் "என் தப்பு" என்பதன் மேல் ஒரு கோடு அடித்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே என் தாளை ஒட்டினார்.

இப்போது பண்ருட்டிப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறார். செட்டுகள் ஒன்பதாகிவிட்டன. அந்த ஏழாவது செட்டுக்கு வேறு ட்யூப் கிடைக்கவே இல்லை. ட்யூப் இருந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டன்ஸை வைத்து மற்ற வால்வுகளை எரியவிட்டு, சத்தத்தை மட்டும் வரவைத்திருக்கிறார். யாராவது வந்தால், "இவன் பேசுவான், மூஞ்சக் காட்ட மாட்டான். மேல் வூட்டுத் தம்பி மாதிரி," என்று அறிமுகப்படுத்துகிறாராம். பாய் சொன்னார்.

ஆனால் என் மனதில் இருப்பது, நான் ஒப்புக்கொண்டதற்கு மறுநாள், அந்தத் திங்கட்கிழமைக் காலை. முதல் ஷிப்டுக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே குழாயடியில் ஒரு கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து, முகம் முழுக்க நுரையோடு குந்தியிருந்தார். கையில் அவருடைய பழைய ரேசர். தாடை ஓரத்தில் ஒரு வெட்டு, நுரையில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வெட்டிக்கிட்டேன்," என்றார். "இது நான்தான்."